‘உள் நெட்வொர்க்தானே’ என்னும் சமாதானம்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல், மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் தரவகம் இல்லாத ஆய்வுத்திட்டம் இன்று அரிதாகிவிட்டது. களப்பதிவின் எழுத்துப்பெயர்ப்பு, பேசியவரின் பெயர், ஊர், வயது, சாதி, கல்வி எல்லாம் ஒரு தேடல் சர்வருக்குள் ஏற்றப்படுகின்றன. பெரும்பாலும் அது எலாஸ்டிக்சர்ச். சில இடங்களில் அதிலிருந்து 2021இல் கிளைத்த ஓப்பன்சர்ச். முதலில் ஒரே கணினி. திட்டம் வளர வளர இரண்டாவது, மூன்றாவது கணினிகள் கணுக்களாகச் சேர்க்கப்பட்டுக் கொத்து உருவாகிறது. மூன்றாவது கணினி கொத்தில் சேர மறுக்கும் ஒரு மாலையில்தான் அந்தத் தீர்மானம் எடுக்கப்படுகிறது. அமைப்புக் கோப்பில் பாதுகாப்பு என்ற வரிக்கு எதிரே ‘ஃபால்ஸ்’ என்று எழுதி எல்லாக் கணினிகளையும் மறுதொடக்கம் செய்கிறார்கள். கொத்தின் நிலை பச்சையாகிறது. ‘முடிந்தது சார்’ என்று வழிகாட்டிக்குச் செய்தி போகிறது.

அந்த ஒரு வரி ஆய்வு நெறி மீறல். அதை அந்தப் பெயரால் அழைக்கத் துறைகள் தயங்குகின்றன. கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்க மென்பொருள் வாங்குகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் ஒரு கையொப்பம் குறைந்தால் நெறிமுறைக் குழு கோப்பைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கையொப்பத்தை நம்பிப் பதிவான குரலும் பெயரும் இப்போது எந்தக் கணினியில், யார் யார் கைக்கு எட்டும் நிலையில் கிடக்கின்றன என்று கேட்கும் குழுவைக் காண்பது அரிது.

சான்றிதழ் என்றதும் பலர் அதைத் திரையாக மட்டும் எண்ணுகிறார்கள்: தரவு கம்பியில் செல்லும்போது பிறர் படிக்காதபடி மறைக்கும் ஏற்பாடு என்று. மறைப்பது அதன் பாதி வேலைதான். தேடல் கொத்துக்கு வழக்கமாக இரண்டு வாசல்கள் உண்டு. 9200 என்னும் போர்ட்டில் பயனர்களும் நிரல்களும் வந்து தேடுகிறார்கள். 9300இல் கணுக்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. முதல் வாசலில் வருபவர் கேள்வி கேட்டு விடை பெற்றுப் போகும் விருந்தாளி. அவர் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று கடவுச்சொல்லாலும் அனுமதிகளாலும் வரையறுக்கலாம். இரண்டாம் வாசலில் வருவதோ குடும்பத்து உறுப்பினர். கணுவாகச் சேர்ந்துவிட்ட கணினிக்குத் தரவின் துண்டுகள் தாமாகவே அனுப்பப்படும், ஏனெனில் கணுக்களுக்கிடையே சுமையைப் பங்கிடுவதே அந்த மென்பொருளின் இயல்பு. பாதுகாப்பு அணைக்கப்பட்ட கொத்தில், 9300ஐ எட்ட முடிகிற ஒரு கணினி பொருத்தமான பதிப்பை நிறுவிக்கொண்டு கொத்தின் பெயரைச் சொன்னாலே உள்ளே வந்துவிடலாம். மாற்றாமல் விட்டால் அந்தப் பெயரும் ‘எலாஸ்டிக்சர்ச்’ என்பதுதான். வந்தவன் எதையும் உடைக்க வேண்டியதில்லை. வீட்டாரே பண்டத்தில் ஒரு பங்கை எடுத்து அவன் தலையில் ஏற்றி அனுப்புவார்கள்.

ஆகவே கணுவின் சான்றிதழ் முதன்மையாக ஒரு சாட்சியம். வந்திருக்கும் கணினி இன்னார்தான் என்று இரு தரப்பும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுச் சொல்வது. பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்றொரு பெயர் உண்டு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவிக்குத் தன் மணத்தைக் கண்டவராகக் காட்ட ஒரு குருகைத் தவிர வேறு யாருமில்லை. அவளுடைய கலக்கமெல்லாம் அந்த இடத்திலிருந்தே பிறக்கிறது. கணுக்களின் உறவிலும் சிக்கல் அதுவே. மூன்றாமவர் சாட்சி இல்லாத இடத்தில் ‘நான் அவன்தான்’ என்ற சொல்லுக்கு எடையில்லை.

பாதுகாப்பை முற்றாக அணைப்பவர்களைவிடச் சற்று நாணமுள்ள ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு சரிபார்ப்பை மட்டும் விட்டுவிடுகிறார்கள். சரிபார்ப்பில் மூன்று நிலைகள் உள்ளன. முழுச் சரிபார்ப்பில் நம்பத்தக்க அமைப்பின் கையொப்பம் உள்ளதா என்பதோடு, சான்றிதழில் எழுதிய பெயரோ முகவரியோ வந்திருக்கும் கணினியுடன் பொருந்துகிறதா என்றும் பார்க்கப்படும். இரண்டாம் நிலையில் கையொப்பம் மட்டும் பார்க்கப்படும். மூன்றாம் நிலையில் எதுவும் பார்க்கப்படுவதில்லை. காவலர் நாற்காலியில் இருக்கிறார், அடையாள அட்டையைக் கேட்பதில்லை. தரவு மறைகுறியாக்கம் ஆகிறது என்பது உண்மைதான். யாரென்றே தெரியாத ஒருவருக்கு அது மிகப் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது.

இரண்டாம் நிலையிலும் ஒரு குழி இருக்கிறது. நன்கு படித்தவர்களே அதில் விழுகிறார்கள் என்பதால் இதை விரித்துச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தின் இணையதளத்துக்கு ஏற்கெனவே ஒரு பொதுச் சான்றளிப்பு அமைப்பிடம் பெற்ற சான்றிதழ் இருக்கும். உலகமே ஏற்கும் சான்றிதழாயிற்றே, கணுக்களுக்கும் அதையே வைப்போம் என்று தோன்றுவது இயல்பு. உலகமே ஏற்பதுதான் இங்கே தீங்கு. இணையதளத்தில் வாசகர் தளத்தைச் சரிபார்க்கிறார். அதற்குப் பொது அமைப்பின் கையொப்பம் போதும். 9300இல் இரு பக்கமும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. கையொப்பம் இருந்தால் நுழைவு உண்டு. இந்த நிலையில் ‘இந்தப் பொது அமைப்பின் கையொப்பம் இருந்தால் போதும்’ என்று கொத்துக்குச் சொல்வது, அதே அமைப்பிடம் கணுவுக்கு ஏற்ற சான்றிதழ் பெறக்கூடிய எவருக்கும் குடும்பத்தில் இடமளிப்பதாகும். பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொதுவான சான்றளிப்பு அமைப்பைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான், வட்டம் சற்றுச் சிறியது. கொத்துக்கென்று தனிச் சான்றளிப்பு அமைப்பு வேண்டும் என்று ஆவணங்கள் வலியுறுத்துவது இதனால்தான். பணம் மிச்சம் பிடிப்பதற்கோ வசதிக்கோ சொன்ன யோசனையாக அதை வாசிப்பது தவறு.

இவற்றைச் சொன்னால் வரும் முதல் பதில், ‘உள் நெட்வொர்க்தானே’ என்பது. எந்த உள்? விடுதியின் வைஃபை, நூலகத்தின் கணினிகள், கருத்தரங்குக்கு வந்த விருந்தினரின் மடிக்கணினி, வைரஸ் புகுந்த பென்டிரைவ் செருகப்பட்ட அலுவலகக் கணினி ஆகியவை பல வளாகங்களில் ஒரே வலையமைப்பின் பகுதிகள். போதாக்குறைக்கு டாக்கர் இருக்கிறது. லினக்ஸில் ஃபயர்வாலைப் பொருத்தி 9200ஐ அடைத்துவிட்டதாக ஆய்வு மாணவர் நம்புகிறார். டாக்கர் வழியாகப் போர்ட்டை வெளியிடும்போது அது கெர்னலின் விதிகளில் நேரடியாகத் தன் வரிகளை எழுதிக்கொள்கிறது. யுஎஃப்டபிள்யூ போட்ட தடை அங்கே செல்லுபடியாவதில்லை. வேறு முகவரி குறிப்பிடாவிட்டால் கணினியின் எல்லா முகவரிகளிலும் அந்தப் போர்ட் திறக்கும். அந்த முகவரிகளில் ஒன்று பொது முகவரியாக இருந்தால் உள்ளும் புறமும் ஒன்றே. ஃபயர்வாலின் நிலையைக் கேட்டால் ‘இயங்குகிறது’ என்றே அது பதில் சொல்லும்.

திறந்து கிடப்பதை யார் தேடப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. மனிதர் யாரும் தேட வேண்டியதில்லை. நிரல்கள் இடைவிடாது தேடுகின்றன. 2017 ஜனவரியில் திறந்து கிடந்த மாங்கோடிபி, எலாஸ்டிக்சர்ச் சர்வர்களின் தரவு அழிக்கப்பட்டுப் பணம் கேட்டு ஓலை விடப்பட்டது. 2019இல் எக்குவடார் நாட்டு மக்களில் பெரும்பாலோரின் விவரங்கள், இறந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடிப் பேருடையவை, பாதுகாப்பற்ற ஒரு எலாஸ்டிக்சர்ச் சர்வரில் கண்டறியப்பட்டன. 2020 ஜூலையில் ‘மியாவ்’ என்று பெயர் பெற்ற தாக்குதல் வந்தது. அதில் பணம்கூடக் கேட்கவில்லை. தரவை அழித்து, அந்த இடத்தில் ‘மியாவ்’ என்று முடியும் பெயர்களை விட்டுச் சென்றார்கள். வணிக நிறுவனம் இழந்த தரவை ஓரளவு மீண்டும் திரட்டலாம். அந்தமானில் அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010இல் இறந்தார். அத்தகைய ஒருவரின் பதிவுக்கு எழுதிய விளக்கங்கள் ஒரு கொத்தில் மட்டும் இருந்து, அதற்கு ஸ்னாப்ஷாட்டும் இல்லாமல் போனால், எந்த நல்கையைக்கொண்டு மீண்டும் களத்துக்குப் போவது?

இரண்டாவது சமாதானம் இதைவிடக் கௌரவமான உடை அணிந்து வருகிறது: ‘எங்கள் தரவு எப்படியும் பொதுவெளிக்கு உரியது, அறிவைப் பூட்டி வைக்கலாமா?’ திறந்த அணுக்கத்துக்காக உழைத்தவர்களின் பெயரால் இதைச் சொல்வது அவர்களுக்கே இழுக்கு. எதை, எந்த வடிவில், யாருடைய இசைவோடு வெளியிடுவது என்று ஆராய்ந்து எடுக்கும் முடிவு திறந்த அணுக்கம். அணைக்கப்பட்ட பாதுகாப்பில் அப்படி யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. பழங்குடித் தரவுக்கான கேர் நெறிகள் 2019இல் வெளியானபோது அவற்றின் நடுநாயகமாக நின்றது, தரவின்மீது கட்டுப்பாடு அந்தச் சமூகத்துக்கே உரியது என்பது. அந்நெறிகளை ஆய்வேட்டின் முதல் இயலில் மேற்கோள் காட்டுபவரின் கொத்தில், பெயரும் ஊரும் குரலும் கடவுச்சொல்லின்றி ஒரே வினாவுக்கு வந்து விழுகின்றன.

சீர்மரபுச் சமூகங்களைப் பற்றிய ஆய்வில் இது இன்னும் கூர்மையாகிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் முழுச் சமூகங்களையும் பதிவேட்டில் ஏற்றியது: பெயர், இருப்பிடம், போக்குவரத்து. 1952இல் அந்தச் சட்டம் நீங்கியது. பழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் வழியாக அதன் நிழல் தொடர்ந்தது. இச்சமூகங்களில் சில தமக்குள் மட்டும் வழங்கும் மறைமொழிகளை மொழியியலாளர்கள் ஆர்வத்தோடு தொகுக்கிறார்கள், தொகுப்பதில் பிழையில்லை. அத்தொகுப்பில் பேசியவரின் பெயர், ஊர், உறவுமுறை, ஒளிப்படம் அனைத்தும் ஒரு பதிவாகச் சேரும்போது அது பதிவேட்டின் வடிவத்தையே எடுத்துவிடுகிறது. வேறுபாடு ஒன்றுதான்: அந்தப் பதிவேடு காவல்நிலைய அலமாரியில் பூட்டியிருந்தது, இது போர்ட் எண் தெரிந்த எவருக்கும் கிடைக்கும். களத்தில் மக்கள் இலக்கணம் மட்டுமா பேசுகிறார்கள்? நிலத் தகராறு, வனத்துறையுடன் மோதல், குடும்பத்துக்குள் ஓடிப்போன பெண் எல்லாம் அந்த எழுத்துப்பெயர்ப்பில் இருக்கின்றன, சொல்வாரியாகத் தேடும் வசதியுடன்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளித்திருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அவ்விலக்கு நிபந்தனைகளோடு வருகிறது: அந்தத் தரவைக்கொண்டு குறிப்பிட்ட ஒரு தனிநபரைப் பற்றிய முடிவு எடுக்கக் கூடாது, வகுக்கப்படும் தரங்களின்படி கையாள வேண்டும். போர்ட்டைத் திறந்துபோட்டு வைப்பதை எந்தத் தரத்தின் கீழும் நியாயப்படுத்த இயலாது.

ஓப்பன்சர்ச் பக்கம் போனவர்கள் தப்பித்தார்களா? அங்கே நிலைமை சில வகையில் மேல், ஒரு வகையில் நகைப்புக்குரியது. கணுவைச் சேர்க்கும்போது அதன் சான்றிதழில் உள்ள முழுப்பெயர் கொத்தின் பெயர்ப்பட்டியலுக்குள் அமைய வேண்டும். கையொப்பம் மட்டும் போதாது. நல்ல ஏற்பாடு. ஆனால் எளிதில் தொடங்குவதற்காக அது மாதிரிச் சான்றிதழ்களையும் தருகிறது. அவற்றின் அந்தரங்கச் சாவிகள் பொதுவெளியில் உள்ளன. பதிவிறக்கிய எல்லோரிடமும் ஒரே சாவி. அவற்றில் ‘கிர்க்’ என்னும் பெயரிலுள்ள நிர்வாகிச் சான்றிதழை நீட்டினால் மாதிரி அமைப்பை மாற்றாத எந்தக் கொத்தும் முழு அதிகாரத்தோடு திறந்துகொள்ளும். உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை. மாதிரிச் சான்றிதழை அனுமதிக்கும் அமைப்பு வரியின் பெயரிலேயே ‘அன்சேஃப்’ என்ற சொல்லைப் பதித்திருக்கிறார்கள். சொற்பொருளியல் படித்த ஆய்வாளர்கள் அந்தச் சொல்லைத் தாண்டி, எதிரே ‘ட்ரூ’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பழி முழுவதும் மாணவர்மேல் விழக் கூடாது. மென்பொருளை விற்றவர்களுக்குப் பங்குண்டு. எலாஸ்டிக்சர்ச்சின் அடிப்படைப் பாதுகாப்பு வசதிகள் 2019 மே மாதத்தில்தான், 6.8, 7.1 பதிப்புகளோடு இலவசமாயின. அதுவரை அவற்றுக்குக் காசு கேட்டார்கள். இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும்படி ஆனது 2022இல் வந்த 8ஆம் பதிப்பில். முதல் வெளியீடு 2010 என்பதை நினைத்தால், பூட்டில்லாத கதவையே இயல்பென்று கற்பித்த பாடக்குறிப்புகள் எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்தன என்பது புரியும். சான்றிதழ்ச் சங்கிலி பொருந்தவில்லை என்று ஜாவா ஒரு நீண்ட பிழைச் செய்தியை அச்சிடும்போது, அந்தக் காலத்துக் குறிப்புகள்தாம் ‘அணைத்துவிடு’ என்று கைகொடுக்க வருகின்றன.

பெரும்பங்கு துறைகளுக்கே உரியது. நல்கை முன்மொழிவில் கணினிக்கு நிதி கேட்கிறார்கள். அதைப் பராமரிக்கும் ஆளுக்குக் கேட்பதில்லை. கணினி ‘தெரிந்த’ ஆய்வு மாணவர் ஒருவர் தலையில் அது விழுகிறது, ஆய்வேட்டில் ஒரு வரியாகவும் எண்ணப்படாத உழைப்பாக. அவர் 3 ஆண்டுகளுக்கு முன் சான்றளிப்பு அமைப்பை உருவாக்கி, அதன் சாவியைத் தன் சொந்த டிரைவ் கணக்கில் போட்டு, கடவுச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பார். பட்டம் வாங்கிப் போய்விடுவார். சான்றிதழ் உருவாக்கும் கருவி இயல்பாகத் தரும் ஆயுள் 1095 நாள். அதாவது 3 ஆண்டு. முனைவர் பட்ட ஆய்வின் ஆயுளுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை தற்செயல்தான், விளைவு தற்செயலாக இருப்பதில்லை. சான்றிதழ் காலாவதியாகி, ஒரு மின்தடைக்குப் பின் கணுக்கள் ஒன்றையொன்று ஏற்க மறுக்கும் நாளில் அறையில் இருப்பவர் முதலாண்டு மாணவர். வழிகாட்டிக்கு மறுநாள் மதிப்பீட்டுக் குழுமுன் தேடல் இயங்க வேண்டும். அவர் வேறென்ன செய்வார்?

செய்யக்கூடியது கடினமானதாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியோடு நிறுத்தலாம். கடினம் இல்லை. 8ஆம் பதிப்புக்குப் பின், முதல் கணுவில் ஒரு கட்டளையால் சேர்க்கைச் சீட்டு ஒன்றைப் பெறலாம். அதன் ஆயுள் 30 நிமிடம். புதிய கணினியில் அந்தச் சீட்டோடு மென்பொருளைத் தொடங்கினால் சான்றிதழ்கள் தாமே அமைந்துவிடும். பலர் இடறுவது ஓரிடத்தில்: முதல் கணுவின் 9300 வாசல் தொடக்கத்தில் தன் கணினிக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். ‘டிரான்ஸ்போர்ட் ஹோஸ்ட்’ என்ற வரியைத் திறந்து வெளி முகவரியைக் கொடுத்த பின்னரே வேறு கணினி சேர முடியும். இந்த ஒரு வரி தெரியாமல், பாதுகாப்பே தடை என்று முடிவுகட்டி அதை அணைத்தவர்கள் உண்டு. பழைய முறையில் நடக்கும் கொத்தென்றால், சான்றளிப்பு அமைப்பின் கோப்பைக்கொண்டு புதிய கணுவின் பெயரையும் முகவரியையும் எழுதித் தனிச் சான்றிதழ் ஒன்று உருவாக்க வேண்டும். அந்தச் சான்றிதழை மட்டும் புதிய கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். கையொப்பமிடும் சாவி எந்தக் கணுவிலும் இருக்கக் கூடாது. கணுவின் சான்றிதழ்க் கோப்புக்குரிய கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் எழுதாமல் மென்பொருளின் சாவிப்பெட்டகத்தில் வைக்க வேண்டும். பெயர் எழுதாத ஒரே சான்றிதழை எல்லாக் கணுக்களுக்கும் நகலெடுப்பது வழக்கத்தில் உள்ளது. அது இயங்கும். ஆனால் முழுச் சரிபார்ப்பு அதோடு போய்விடும்; ஒரு கணினி களவு போனால் எல்லாக் கணுக்களுக்கும் சான்றிதழ் மாற்ற வேண்டிவரும். எந்தச் சான்றிதழ் எந்நாளில் காலாவதியாகிறது என்று கொத்திடமே ஒரே வினாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு பிற்பகல் வேலை. மேற்கோள் பட்டியலைச் சீராக்கச் செலவிடும் நேரத்தைவிடக் குறைவு.

நெறிமுறைக் குழுக்களின் படிவத்தில் ‘தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் ‘ஆம்’ என்று குறியிடுகிறார்கள். அந்த வரியை நீக்கிவிட்டு நான்கு கேள்விகளை வைக்கலாம். தேடல் சர்வரில் பாதுகாப்பு இயக்கத்தில் உள்ளதா? கணுக்களின் சான்றிதழ்களில் கையொப்பமிட்ட சாவி யாரிடம், எங்கே உள்ளது? சான்றிதழ்கள் எந்தத் தேதியில் முடிகின்றன? அத்தேதியில் துறையில் இருக்கப்போகும், சம்பளம் பெறும், பொறுப்புள்ள நபரின் பெயர் என்ன? நான்காவது கேள்விக்கு ஆய்வு மாணவரின் பெயரை எழுதும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.